ஒன்பதாம் தேதிப் பச்சை

உள்ளே வா. செருப்பை வெளியிலேயே விடு. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூலில் உட்கார். முதலில் தண்ணீர் குடி. வெயிலில் வண்டி ஓட்டி வந்திருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு என் குரல் இப்படித்தான் இருக்கும். சத்தம் உனக்கில்லை. உன்னை அனுப்பினார்களே, அவர்களுக்கு.

உன் பெயர் பிரதீபா. தெரியும். காலேஜ் முடித்து நேராக வந்தவள். என் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாய், என் ஸ்கேனரைப் பிடிக்கிறாய், டிராயரில் நான் விட்டுவிட்டு வந்த இஞ்சி மிட்டாயைக்கூட நீதான் தின்றிருப்பாய். பரவாயில்லை.

மூன்று வாரமாக ஒருத்தர்கூட என் போனை எடுக்கவில்லை. இப்போது மட்டும் கணபதியில் இருக்கும் என் வீட்டுக்கு வழி தெரிந்துவிட்டது. அதுவும் அவர்கள் வரவில்லை. "பொம்பளப் புள்ளைய அனுப்பினா அவ சண்டைக்கு வரமாட்டா" என்று நம் மேனேஜர் சந்திரமோகன் சார் சொல்லியிருப்பார். சொன்னாரா, இல்லையா? நீ சிரிக்கிறாய். சொல்லியிருக்கிறார்.

கொடு அந்தக் காகிதத்தை. "ஜனவரி ஒன்பதாம் தேதி நக்கிள் பாகத்தில் நான் எடுத்த ஸ்கேன் அளவுகள் முறைப்படி எடுக்கப்பட்டவை என்றும், அன்றைய அறிக்கை சரியானது என்றும் இதன்மூலம் உறுதி செய்கிறேன்." அழகாக இருக்கிறது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு. இந்தக் கோட்டின் மேல் எழுதிவிட்டால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கொடுத்துவிடுவார்களாம், தானாக விலகியதாகப் போட்டுக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கியதாகப் போடுவார்கள். அப்புறம் கோயமுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பும் என்னைச் சேர்க்காது. அதுதானே செய்தி? அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லிவிட்டேன். உன் வேலை முடிந்தது.

பேனா இருக்கட்டும். என்னிடம் பேனா இருக்கிறது.

முதலில் நான் சொல்வதைக் கேள். மணி என்ன? மூன்றாகப் பத்து நிமிடம். மூன்றரைக்கு என் மகளுக்குப் பள்ளிக்கூடம் விடும், மூன்று பத்துக்கு நான் கிளம்ப வேண்டும். இருபது நிமிடம் இருக்கிறது. இருபது நிமிடம் கேட்டால் உன் சார் ஒன்றும் சொல்லமாட்டார்.

நக்கிள் என்றால் உனக்குத் தெரியும், காலேஜில் வரைந்திருப்பாய். ஆனால் வரைந்தவர்களுக்கு அதன் பயம் தெரியாது. வேனின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு முஷ்டி அது. முஷ்டியிலிருந்து ஒரு கை நீளும். கை நுனியில் ஒரு ஓட்டை. ஸ்டியரிங்கிலிருந்து வரும் கம்பி அந்த ஓட்டையில்தான் மாட்டுகிறது. ஓட்டையைச் சுற்றி இரும்புச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்தால், என்றைக்காவது ஒரு பள்ளத்தில் டமாரென்று விழும்போது அந்தப் பக்கம் பிளந்துவிடும். அப்புறம் டிரைவர் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன, சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

அந்தச் சுவரைப் பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள். நான்கு வருடம். இரும்புத் துண்டைத் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்து, கறுப்புப் பொட்டு ஒட்டி, ஸ்கேனரைச் சுற்றிச் சுற்றிக் காட்டி. பவுடரும் பொட்டும் என்றால் மெஷின் ஆட்களுக்குக் குஷி. "என்னங்க சுகந்தி, பொண்ணு ரெடியா? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க லாரில காத்துட்டு இருக்காங்க!" என்று தினமும் அதே ஜோக். நானும் தினமும் சிரித்தேன். அது வேறு கொடுமை.

ஸ்கேன் செய்ததைக் கம்ப்யூட்டரில் மாடலின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். மாடல் என்பது வரைந்தது, அதில் தவறே கிடையாது. நாம் செய்தது அதன் மேல் எங்கே பொருந்துகிறதோ அங்கே பச்சை. மேடாக இருந்தால் சிவப்பு, பள்ளமாக இருந்தால் நீலம். இதெல்லாம் உனக்குத் தெரியும். எப்படி வைக்கிறாய் என்பதுதான் விஷயம். அதை எந்தக் காலேஜும் சொல்லித்தருவதில்லை. எனக்குச் சிஸ்டர் இக்னேஷியா சொல்லிக்கொடுத்தார்.

சிரிக்காதே. பொள்ளாச்சி கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு பூகோளம். டிரேசிங் பேப்பரில் இந்தியா வரைய வேண்டும். வரைந்ததைச் சிஸ்டர் அட்லஸின் மேல் வைத்துத் திருத்துவார். எல்லாப் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்? பேப்பரைக் கொஞ்சம் இப்படி நகர்த்து, கொஞ்சம் அப்படித் திருப்பு. எந்தக் கோணல் இந்தியாவும் நகர்த்தி நகர்த்தி வைத்தால் ஒருமாதிரி பொருந்திவிடும். தப்பு எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சிஸ்டர் நகர்த்த விடமாட்டார். மூன்று குண்டூசி. கன்னியாகுமரியில் ஒன்று, கட்ச் மூலையில் ஒன்று, அசாம் கோடியில் ஒன்று. குத்திவிட்டால் அப்புறம் பேப்பர் அசையாது. அப்போது பார்த்தால் வங்காளம் கடலுக்குள் போயிருக்கும். நான்தான் அந்த வகுப்பு லீடர். சிஸ்டருக்கு முன்னால் நான் குண்டூசி குத்திப் பார்ப்பேன். என்னிடம் ஒருத்திகூடத் தப்பியதில்லை. கேட்டுப் பார், இன்றைக்கும் அவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

நக்கிளுக்கும் அதேதான். சக்கர ஓட்டை, மேல் ஓட்டை, கீழ் ஓட்டை. அந்த மூன்றிலும் குண்டூசி குத்துவதுபோல் மாடலைப் பிடித்துவைத்து, அப்புறம் கை நுனி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு பெஸ்ட் ஃபிட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் கம்ப்யூட்டரே துண்டை நகர்த்தி, திருப்பி, தப்பை எல்லா இடத்திலும் மெல்லிசாகப் பூசிவிடும். எல்லாம் பச்சை. பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும்.

ஜனவரி எட்டாம் தேதி ஃபிக்ஸரைக் கழற்றி மாட்டினார்கள், அதாவது துளை போடும்போது துண்டைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி. கழற்றி மாட்டினால் மறுநாள் முதல் துண்டை ஸ்கேன் பண்ண வேண்டும் என்பது விதி. அப்படித்தான் ஒன்பதாம் தேதி ஸ்கேன். அடுத்த ஸ்கேன் முப்பதாம் தேதி. முப்பதாம் தேதி நான் இல்லை! அதைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்கிறேன். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று, மூன்று நாளும் என் மகள் இனியாவுக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருக்கிறேன், காட்டட்டுமா? லீவ் லெட்டர் கொடுத்தேன். என் இடத்தில் வேறு யாரையாவது ஸ்கேன் பண்ணச் சொல்ல வேண்டியது யார் வேலை? சார் வேலை. பண்ணினாரா? இல்லை. பிப்ரவரியில் சென்னையிலிருந்து வேன் கம்பெனிக்காரர்கள் வந்து, "முப்பதாம் தேதித் துண்டெல்லாம் கோணல், சுவர் மெலிந்திருக்கிறது" என்று மேஜையில் போட்டதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு ஆண்கள். நான் ஒருத்தி.

"சாம்பிள் எடுக்கறது யாரு வேலைம்மா?"

"சார், நான் அன்னைக்கு லீவு சார்."

"எப்பப் பார்த்தாலும் லீவு. புள்ளைக்குச் சளி, புள்ளைக்குக் காய்ச்சல். இது கம்பெனியா, பால்வாடியா?"

இது கம்பெனியா, பால்வாடியா. அதை வெளியூர்க்காரர்கள் முன்னால் சொன்னார். அவர்களில் ஒருவர் சிரித்தார், பிரதீபா. நீல நிறச் சட்டை, கழுத்தில் கார்டு. அந்தச் சிரிப்பை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன். அன்றைக்குச் சாயந்திரம் "வூட்லயே இரும்மா, கூப்பிடறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை. இன்றைக்கு உன்னை அனுப்பியிருக்கிறார்கள்.

ஏன் இந்தக் காகிதம் வேண்டும் என்று உனக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சொல்கிறேன். வேன் கம்பெனி கேட்கிறது: கோணல் என்றைக்கு ஆரம்பித்தது? நம் ஆட்கள் சொல்கிறார்கள்: முப்பதாம் தேதி ஃபிக்ஸர் நழுவிவிட்டது, அதற்கு முன்னால் எல்லாம் சரி, இதோ ஒன்பதாம் தேதி ரிப்போர்ட், முழுக்கப் பச்சை. அதனால் முப்பதுக்கு அப்புறம் செய்ததை மட்டும் திரும்ப வாங்கினால் போதும். ஒன்பதிலிருந்து இருபத்தொன்பது வரைக்கும் போனது எழுநூற்றுச் சொச்சம் துண்டு. அவை எல்லாம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாதி புது வேனில் மாட்டியாகிவிட்டது, பாதி ஸ்பேர் கடைக்குப் பெட்டியில் போய்விட்டது. அந்த எழுநூறையும் ரோட்டில் நிறுத்தி வைத்திருப்பது அந்தப் பச்சை ரிப்போர்ட்தான்.

ஆமாம். அந்தப் பச்சை பொய்.

ஒன்பதாம் தேதி முதலில் சிவப்புதான் வந்தது. நான் ஒழுங்காகத்தான் வைத்தேன், மூன்று ஓட்டையில், குண்டூசி குத்தியது மாதிரி. கை நுனியில் ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, மறு பக்கம் கருநீலம். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கோணல். சாருக்குக் காட்டினேன். வந்தார், குனிந்து பார்த்தார், "லாரி நிக்குதும்மா, பெஸ்ட் ஃபிட்ல போட்டு அனுப்பு" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னார், செய்தேன். சம்பளம் வாங்குகிறவள் வேறென்ன செய்வாள்? நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? சொல்.

இப்போது புரிகிறதா என் வயிற்றெரிச்சல்? தப்பு அவருடையது. பழி எனக்கு. அதன்மேல் நான் கையெழுத்து வேறு போட வேண்டும்.

என்ன கேட்கிறாய்? குனிந்து பார்த்தாரா என்றா? பார்த்தார் என்றுதானே சொன்னேன். அந்த ஸ்கிரீன் சுவரைப் பார்த்து இருக்கிறதே என்கிறாயா. சரி, நீ இப்போது அந்த அறையில் உட்காருகிறவள், உனக்குத் தெரியத்தான் செய்யும். இரண்டடி இடம், நடுவில் என் நாற்காலி, யாரும் உள்ளே வந்து குனிய முடியாது. சரி. குனியவில்லை. கதவருகில் நின்றார். போன் காதில் இருந்தது. நான் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். கையை ஆட்டினார். "போடு, போடு" என்று அர்த்தம். கையை ஆட்டினால் என்ன, வாயால் சொன்னால் என்ன? எத்தனை நாள் வாயால் சொல்லியிருக்கிறார் தெரியுமா? பம்ப் மூடிக்குச் சொல்லியிருக்கிறார், கியர் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார். "அவசரம்னா பெஸ்ட் ஃபிட் போடும்மா, உசுரா போயிரும்?" அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் அவர்தானே.

இரு, அடுப்பில் பால் வைத்தேன்.

ம். டீ எடுத்துக்கொள். சர்க்கரை கம்மி.

என் வீட்டுக்காரர் தியாகு என்ன சொல்கிறார் தெரியுமா? "உன்ற கிட்ட இருக்கறதைக் கொண்டுபோய் அவிய மூஞ்சில வீசு. இல்லாட்டி கம்முனு இரு. ரெண்டுல ஒண்ணு பண்ணு, என்னால இந்தப் புலம்பலைக் கேட்க முடியல." புலம்பலாம். நான் புலம்புகிறேனா?

என்னிடம் என்ன இருக்கிறது என்றா கேட்கிறாய்? வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சரி. அதோ, பீரோவுக்கு மேல் சின்ன ஷூ தெரிகிறதா? இனியாவின் எல்.கே.ஜி. ஷூ. பத்தாமல் போய்விட்டது. அதற்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. ஒன்பதாம் தேதி எடுத்த அசல் ஸ்கேன். மூன்று ஓட்டையில் வைத்த சிவப்புப் படம், நேரம் இரண்டு ஐம்பது என்று போட்டது, எல்லாம். கம்பெனியில் இப்போது அது கிடையாது. மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று ஸ்கேனை எல்லாம் அழித்துவிடுவோம், ரிப்போர்ட் மட்டும்தான் மிஞ்சும். பச்சை மட்டும்தான் மிஞ்சும். எனக்கு அன்றைக்கே தோன்றியது, எதற்கும் இருக்கட்டும் என்று. காப்பி எடுத்து டிபன் பையில் போட்டேன்.

ஏன் கொடுக்கவில்லை? நான் ஏன் கொடுக்க வேண்டும்? என்னைப் பால்வாடி என்றவர்களுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? கேட்கட்டும். காலில் விழட்டும். அப்போது பார்க்கலாம்.

உனக்கு இதெல்லாம் வெறும் இரும்பு. எனக்கு அப்படியில்லை. எங்கள் தெருவுக்கு ஒரு ஸ்கூல் வேன் வருகிறது, குப்புசாமி அண்ணன் ஓட்டுவது. நாம் நக்கிள் கொடுக்கும் அதே கம்பெனி வேன். பிப்ரவரி ஆரம்பத்தில் இரண்டு நாள் வண்டி வரவில்லை. மூன்றாம் நாள் வந்ததும் பெருமையாகச் சொல்கிறார்: "முன்னால் பூரா மாத்திட்டனுங்க அம்மிணி. புது நக்கிள். இன்னும் அஞ்சு வருசத்துக்கு அசையாது." ஒவ்வொரு நக்கிளிலும் தேதி குத்தியிருக்கும், உனக்குத் தெரியும். இனியாவின் தண்ணீர் பாட்டில் விழுந்துவிட்டது மாதிரி பாவனை பண்ணி, குனிந்து பார்த்தேன். எல்லாம் கிரீஸ், மண். ஒன்றும் தெரியவில்லை. தேதி பத்தா, பதினெட்டா, போன வருடமா, ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து என் குழந்தை அந்த வண்டியில் ஏறவில்லை. நடத்தியே கூட்டிப் போகிறேன், நடத்தியே கூட்டி வருகிறேன். ஒன்றரைக் கிலோமீட்டர். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில்கூட ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு ஓடினேன். அதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பால்வாடி. குப்புசாமி அண்ணனுக்கு வருத்தம். "ஏனுங்க அம்மிணி, என்ற வண்டி மேல என்ன கோவம்? பாப்பாவை இந்த வெயில்ல நடத்திக் கூட்டிப் போறீங்க?" தெருவில் மற்ற அம்மாக்கள் அதற்கு மேல். "சுகந்தி உடம்பு எளைக்கறதுக்கு நடக்கறாளாட்ட இருக்குது." சிரிக்கட்டும். என் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு தாய் செய்ய வேண்டியதை நான் செய்கிறேன்.

நடந்து போகும்போது வேன் எங்களைத் தாண்டிப் போகும். எதிர்வீட்டு நிரஞ்சன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, "இனியா! இனியா!" என்று கத்துவான். முன்பல் இரண்டும் இல்லாத வாய். இவள் கேட்பாள், "அம்மா, நிரஞ்சன் மட்டும் வேன்ல போறான், நான் மட்டும் ஏன் நடக்கணும்?" நான் சொல்வேன், "அவனை அவங்கம்மா பார்த்துக்குவாங்க கண்ணு."

ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

எத்தனை பிள்ளைகள் என்றா? பதினான்கு. இனியா இல்லாமல்.

நான் எப்படிச் சொல்வது, பிரதீபா? சொன்னால் "உனக்கெப்படித் தெரியும்?" என்பார்கள். கிரீஸைத் துடைத்துத் தேதி பாருங்கள் என்று குப்புசாமி அண்ணனிடம் சொன்னால், "ஏனுங்க?" என்று கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? கம்பெனி விஷயம். கம்பெனிதான் சொல்ல வேண்டும். சார் சொல்ல வேண்டும். அவர்தானே பெஸ்ட் ஃபிட் போடச் சொன்னவர். கையை ஆட்டினவர். அவருக்கு ராத்திரி தூக்கம் வருகிறதாம். எனக்கு வருவதில்லை. இதில் என்ன நியாயம்?

அழவில்லை. பவுடர் அலர்ஜி. நான்கு வருடமாக அந்த வெள்ளைப் பவுடர்.

எட்டாம் தேதி என்ன நடந்தது தெரியுமா உனக்கு? உனக்கு எப்படித் தெரியும். ஃபிக்ஸர் கழற்றிய அன்றைக்கு. மூன்றே முக்காலுக்கு வேன் வரும். பக்கத்து வீட்டு லலிதாக்கா இனியாவை இறக்கி, நான் வரும்வரை வைத்துக்கொள்வார். அன்றைக்கு லலிதாக்கா ஊருக்குப் போய்விட்டார், எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். குப்புசாமி அண்ணனுக்கு மாற்று டிரைவர். புதியவன். குழந்தையை ரேஷன் கடை முக்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஐந்து வயது. நான் ஐந்தரைக்கு வருகிறேன், பையை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். அசையவில்லை. "நீ வருவேன்னு நின்னுட்டே இருந்தேன்மா" என்றாள். யூனிஃபார்ம் நனைந்திருந்தது. ஒன்றேமுக்கால் மணி நேரம். அந்த முக்கில் எத்தனை லாரி திரும்புகிறது தெரியுமா?

மறுநாள்தான் ஒன்பதாம் தேதி. லலிதாக்கா இன்னும் திரும்பவில்லை. மூன்று மணிக்கு நான் கேட்டைத் தாண்டியாக வேண்டும். இரண்டு ஐம்பதுக்குச் சிவப்பு வருகிறது. சிவப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்? பவுடரைக் கழுவி, பொட்டைப் பிய்த்து, திரும்ப ஒட்டி, இன்னொரு துண்டையும் எடுத்து ஸ்கேன் பண்ணி, லைனை நிறுத்தி, நாலு பேரைக் கூட்டி... இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் அவள் முக்கில் நிற்பாள்.

சார் பார்த்தாரா, சார் பார்த்தாரா என்று நீயும் போலீஸ் மாதிரி அதையே கேட்கிறாய். மூன்றாவது தடவை கேட்கிறாய். சின்னப் பெண் மாதிரி இருக்கிறாய், ஆனால் நல்ல குண்டூசி.

மணி மூன்று பதினைந்து! பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். எழுந்திரு. நடந்தால் இனி நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. உன் ஸ்கூட்டியில் விடுவாயா? ஹெல்மெட் ஒன்றுதான் இருக்கிறதா, நீ போட்டுக்கொள். இரு, கதவைப் பூட்ட வேண்டும். இரு. அந்த ஸ்டூலைக் கொடு. மேலே எட்டவில்லை.

இந்தா. பையில் போடு. ஜிப் போடு. உள் ஜிப்பில். நாளைக்கு முதல் வேலையாகத் திற. மூன்று ஓட்டையில் வைத்துப் பார், நகர்த்தாதே. பார்த்துவிட்டு முதலில் வேன் கம்பெனிக்காரர்களுக்கு அனுப்பு, அப்புறம் சாருக்குக் காட்டு. முதலில் அவருக்குக் காட்டினால் இதுவும் அழிந்துவிடும். அவர் அப்படிப்பட்டவர்தான். அதில் நான் சொன்னது ஒன்றும் பொய் இல்லை.

காகிதம் அங்கேயே கிடக்கட்டும். கையெழுத்துப் போடவில்லை என்று சொல்.

இப்படி வலது பக்கம் போ. மெதுவாக. முன்னால் பஸ். மெதுவாகப் போ என்றேனே. எனக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலே இப்போதெல்லாம் எல்லா நக்கிளும் கண்ணுக்குத் தெரிகிறது.

பிரதீபா. ஓட்டிக்கொண்டே கேள். திரும்பிப் பார்க்காதே, ரோட்டைப் பார்.

சார் சிவப்பைப் பார்க்கவில்லை.

அவர் அன்றைக்கு அந்த அறைக்கே வரவில்லை. நான்தான் அழுத்தினேன். ஒரு பட்டன். பச்சையானது. பிரின்ட் எடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், வாசலில் அவரைப் பார்த்தேன். "நக்கிள் ஓகேவாம்மா?" என்றார். "ஓகே சார்" என்றேன். கையை ஆட்டினார். அது "போய்ட்டு வா" என்று. அவ்வளவுதான் அவர் ஆட்டியது. பஸ் பிடித்து, ஓடி, மூன்று நாற்பதுக்கு முக்கில் நின்றேன். வேன் வந்தது. இனியா இறங்கினாள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

பழக்கியவர் அவர்தான். அதை நான் விடமாட்டேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஆனால் ஒன்பதாம் தேதி, இரண்டு ஐம்பத்தைந்து, என் கை.

நீ ஒன்றும் சொல்லாதே. ஓட்டு. இடது பக்கம் திரும்பு. அந்த மஞ்சள் சுவர்தான் பள்ளிக்கூடம். மணி அடித்துவிட்டது, பார், எல்லாம் வெளியே வந்துவிட்டது. கேட்டில் நிற்கிறாள் இனியா, சிவப்பு ரிப்பன், தெரிகிறதா? என்னைத் தேடுகிறாள்.

கேட்டுக்குப் போகாதே. இங்கேயே நிறுத்து. வேனுக்குப் பக்கத்தில். நிரஞ்சன் ஏறிக்கொண்டிருக்கிறான்.

உன் சீட்டுக்கு அடியில் துணி வைத்திருப்பாயே, வண்டி துடைக்கிற துணி. அதைக் கொடு. நான் போய்க் குப்புசாமி அண்ணனிடம் சாவியைக் கேட்கிறேன். ஏன் என்று கேட்பார். கேட்கட்டும்.

நீ இனியாவிடம் போ. அம்மா வந்துவிட்டாள், ஒரு வேலை இருக்கிறது, இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னாள் என்று சொல். கையைப் பிடித்துக்கொள்.

நிற்பாள். அவள் நிற்பாள்.